நெரவாரைக் கொன்றது யார்?

கல்வியியற் கல்லூரி விடுதியில் நாங்கள் நாலு பேர், ஒரு பழைய கொம்பியூட்டர். பாடக்குறிப்பு எழுதி முடித்த இரவுகளில் ‘மொரோவிண்ட்’ விளையாடுவோம். 2002இல் வந்த கேம். எங்கட மெஷினில் மூச்சுவிடாமல் ஓடியது அது ஒன்றுதான்.

டம்ரியல் என்ற கற்பனைக் கண்டத்தில் ஒரு பேரரசு, அதன் வடகிழக்கு மாகாணம்தான் மொரோவிண்ட். விசித்திரமான ஊர். நாங்கள் திரிந்த தீவின் நடுவில் சாம்பல் கக்கும் செம்மலை. பஸ்ஸுக்குப் பதிலாக வீட்டைவிட உயரமான ஒரு பூச்சி. அதன் ஓட்டைக் குடைந்து அதற்குள் ஆட்களை ஏற்றுவார்கள். மந்திரவாதிகளின் காளான் கோபுரங்களுக்குப் படிக்கட்டே இல்லை. பறக்கத் தெரியாதவன் மேலே வரத் தேவையில்லையாம். (எங்களுக்குச் சில அலுவலகங்கள் ஞாபகம் வந்தன.)

ஆனால் எங்களைத் தூங்கவிடாதது நெரவாரின் கதை. செம்மலைப் போரில் அந்த மக்களின் தலைவன் இறந்துபோகிறான். காயத்தால் இறந்தான் என்கிறது ஆலயம். அவனுடைய ஆலோசகர்கள் மூவர்தான் கொன்றார்கள், கொன்றுவிட்டுத் தங்களைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டார்கள் என்கிறார்கள் சாம்பல் வெளியில் கூடாரம் போட்டு வாழும் நாடோடிகள். அவர்களிடம் ஏடு இல்லை, வாய்மொழி மட்டும்தான். ஆலயமோ அதைச் சொல்வதே குற்றம் என்கிறது. அந்த மூவரில் ஒருவனான விவெக்கிடம் நேரே கேட்டாலும் மறுக்கிறான். அவனே எழுதிய 36 பிரசங்கங்கள் கேமுக்குள் புத்தகங்களாகக் கிடக்கின்றன. கடைசிப் பிரசங்கத்தின் பந்திகளில் முதலெழுத்துகளை மட்டும் கோர்த்தால் கொலை என்று வருகிறது! அதைக் கண்ட இரவு விடுதியே எழும்பும்படி கத்தினோம். கேம் கடைசிவரை தீர்ப்புச் சொல்லவில்லை. நாங்கள் நாலு பேரும் நாடோடிகள் பக்கம்தான் நின்றோம்.

இப்போது நாங்கள் வரலாறு படிப்பிக்கிறோம். போன தவணை தரம் 9க்கு ஊர் வரலாறு எழுதக் கொடுத்தோம். பழைய கிணறு பற்றி எழுதிய ஒரு பிள்ளை, அதைப் பெண்கள் சேர்ந்து இரவிரவாகத் தோண்டியதாக மூத்தும்மா சொன்னார் என்று எழுதியிருந்தது. ஊர் மலரில் ஒரு பெரிய மனிதரின் பெயர்தான் இருக்கிறது. சிவப்புப் பேனையால் ‘ஆதாரம்?’ என்று போட்டு, பத்துக்கு நாலு கொடுத்தோம். பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிரவு பழைய கூட்டாளி ஒருவன் கோல் எடுத்தான். கதையோடு கதையாக இதைச் சொன்னோம். “மச்சான், நீங்க எப்ப ஆலயத்தில சேர்ந்த?” என்றான்.

அடுத்த நாள் புள்ளியைத் திருத்த அந்தக் கொப்பியைக் கேட்டோம். பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. திரும்ப எழுதித் தரச் சொல்ல வாய் வரவில்லை. மூத்தும்மாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டனுப்பினோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.