குண்டுக்கு மேலே ஈயக்கம்பி

சாவி கொடுக்கும் பழைய சுவர்க்கடிகாரம் அது. ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் பின்தங்குகிறது. ஊசல் குண்டைத் தாங்கும் திருகில் மரை தேய்ந்துவிட்டதால் குண்டை இனி மேலே ஏற்ற வழியில்லை. பெரியவர் வேறு திருகு தேடவில்லை. சால்டரிங் ஈயக்கம்பியில் சிறு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்து, ஊசல் தண்டின் நட்டநடுவே இறுக்கிச் சுற்றினார். “இனிமே சரியா ஓடும் சார். நாளைக்குப் பார்த்துட்டு, வேணும்னா ஒரு சுத்து குறைச்சிக்கலாம்.”

திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு வீட்டுத் திண்ணையை மறைத்துக் கட்டிய பட்டறை. பெரியவரும் அவர் மகளும்தான் வேலையாட்கள். மகள் பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்குகிறார், சுருள்வில்லைப் பிரித்துத் துடைக்கிறார். தந்தையின் கை நடுங்கத் தொடங்கிய பிறகு, ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகட்டை மாற்றுவதும் அவர் பொறுப்பாகிவிட்டது. தகடு ஒருமுறை மடங்கினால் போச்சு, புதுசுதான் போட வேண்டும்.

எடையைக் கூட்டினால் கடிகாரம் வேகமாகுமா? ஊசலின் அலைவு நேரம் குண்டின் நிறையைப் பொறுத்ததல்ல என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது சரிதான், ஆனால் பாதி. எடை எவ்வளவு என்பது முக்கியமில்லாமல் இருக்கலாம்; அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மிக முக்கியம். அந்த மறுபாதியைப் பாடநூல் அழுத்திச் சொல்லாததில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

தண்டின் நடுவே சுற்றிய ஈயத்தைத் தனியாக ஆடவிட்டால், நீளம் குறைவென்பதால் குண்டைவிட விரைந்து ஆடும். குண்டோடு சேர்ந்திருப்பதால் அதையும் கொஞ்சம் முந்த இழுக்கிறது. அதே ஈயத்தைக் குண்டின் மையத்தில் ஒட்டினால், இரண்டுக்கும் ஒரே ஆட்டம், மாற்றம் இல்லை. தொங்கும் முனையிலேயே சுற்றினால் அது அசையவே அசையாது. அப்போதும் மாற்றம் இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் பலன் அதிகம். குண்டு 100 கிராம் என்றால், நடுவில் சேர்க்கும் 1 கிராம் கடிகாரத்தை நாளொன்றுக்குச் சுமார் 108 விநாடி முன்னே தள்ளும். குண்டுக்குக் கீழே கட்டினால் பின்தங்கும். லண்டன் பிக் பென் கடிகாரத்தையும் இப்படித்தான் திருத்துகிறார்கள்: ஊசல்மேல் ஒரு பழைய பென்னிக் காசு வைத்தால் நாளுக்கு 0.4 விநாடி வேகம் கூடும்.

“ஸ்கேல வச்சுக் காட்டுப்பா, சாருக்கு நல்லாப் புரியும்” என்றார் மகள்.

முப்பது சென்டிமீட்டர் எஃகு ஸ்கேலை அதன் முனைத் துளையில் ஆணியில் மாட்டினார் பெரியவர். பக்கத்தில் 20 சென்டிமீட்டர் நூலில் ஒரு பித்தளை நட்டு. இரண்டையும் ஒன்றாக விட்டார். நீளம் வேறு வேறு, ஆனால் ஆட்டம் ஒன்று! ஸ்கேலின் எடை நெடுகப் பரவியிருப்பதால், அது மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள நூல்போல ஆடுகிறது. பிறகு ஒரு சின்னக் காந்தத்தை 20 குறியில் ஒட்டினார், ஆட்டம் மாறவில்லை. 10 குறிக்கு நகர்த்தினார், நூலை முந்தியது. கீழ்முனைக்கு இறக்கினார், பின்தங்கியது.

அந்த 20 குறிக்கு ஒரு வரலாறு உண்டு. 1673இல் வெளியான தன் நூலில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் அந்தப் புள்ளியைப் பற்றி எழுதினார். அங்கே துளையிட்டு ஸ்கேலைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அதே நேரத்தில்தான் ஆடும். இதை வைத்து ஹென்றி கேட்டர் 1817இல் இருபுறமும் மாட்டக்கூடிய ஊசலை உருவாக்கி, புவியீர்ப்பைத் துல்லியமாக அளந்தார். அதற்கு முன் அவர் லாம்டனின் நில அளவைக் குழுவில், இதே சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர். 1821இல் சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்ஹாம் இங்கே ஊசலை ஆட்டி அளவெடுத்தார். லண்டனில் சரியாக ஓடும் கடிகாரம் சென்னைக்கு வந்தால் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறைகிறது. பட்டறைக்குக் கேட்கும் தூரத்தில் ரயில் போகும் பாதை, 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. அந்த நாளைய ரயில் நிலையங்களின் ஊசல் கடிகாரங்களையும் யாரோ இப்படிக் குனிந்து உட்கார்ந்துதான் திருத்தியிருப்பார்கள்.

இப்போது வருபவற்றில் பாதி பேட்டரிக் கடிகாரங்கள். அவற்றின் ஊசல் வெறும் அலங்காரம். தனிக் காந்தச்சுருள் அதை ஆட்டுகிறது, நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மகள் அவற்றையும் முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுக்கிறார். வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது.

ஆவடி, பட்டாபிராம் பக்கத்துப் பள்ளிகளில் கூப்பிட்டால் இந்த ஸ்கேலைக் கொண்டுவந்து காட்டுவீர்களா என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார்.

“வரோம் சார்” என்றார் மகள். “செவுத்துல ஆணி மட்டும் கெட்டியா அடிச்சு வைக்கச் சொல்லுங்க. ஆணி ஆடுச்சுன்னா கணக்கு எல்லாம் தப்பாப் போயிடும்.”