ஏழாம் நம்பர் அறை

"அந்தக் கிழவன் மேல கேஸ் போடணும் சார்." மகன் வந்து உட்கார்ந்ததும் சொன்னது இதுதான். கோவைக்கு வெளியே கட்டணம் வாங்கி நடத்தும் ஒரு முதியோர் இல்லம். அங்கிருந்த அவருடைய அம்மாவைப் பக்கத்து அறைப் பெரியவர் நடுராத்திரியில் கைத்தடியால் அடித்துவிட்டார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

பெரியவருக்கு டிமென்ஷியா. தன் அறை என்று நினைத்து உள்ளே போனவருக்கு, தன் கட்டிலில் யாரோ படுத்திருப்பதாகத் தோன்றியிருக்கிறது. கூண்டில் ஏற்றினாலும் தண்டனைச் சட்டம் 84-ஆம் பிரிவில் வெளியே வந்துவிடுவார் (இன்றைய நியாய சன்ஹிதாவில் அது 22). வரவும் வேண்டும் என்றேன். மகனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் ஆளையே காணோம்.

திரும்பி வந்தபின், சேவைக் குறைபாடு என்று இல்லத்தின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். 'எதிர்பாராத சம்பவம்' என்று பதிலுரை வந்தது. இரவுப் பணி நோட்டைத் தாக்கல் செய்யச் சொல்லி மனு போட்டேன். கொண்டுவந்து கொடுத்தார்கள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்களா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

ஆயாவின் கோணல் எழுத்து. 'தாத்தா 7ம் ரூமுக்கு போனார். கூட்டி வந்தேன்.' நான்கு நாள் கழித்து, 'தாத்தா மறுபடி 7. தடியை ஓங்கினார். மேடத்திடம் சொன்னேன்.' அதற்குக் கீழே பச்சை மையில் மேலாளரின் சுருக்கொப்பம். ஏழு, அம்மாவின் அறை.

அன்றே அறையை மாற்றியிருக்கலாம். பெரியவரின் கதவில் ஒரு மணி கட்டியிருந்தால்கூட ஆயா எழுந்து ஓடியிருப்பாள். தடியைப் பிடுங்கி வைத்திருக்கலாமே என்றார் மகன். பிடுங்கினால் அவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். ராத்திரியில் 28 பேருக்கு ஒரே ஆயா. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு 150 பேர் தங்கும் இல்லம் ஒன்றையாவது அரசு அமைக்கலாம் என்கிறது. எத்தனை பேருக்கு ஓர் ஆயா என்று அதில் இல்லை.

இழப்பீடு கிடைத்தது. பச்சை மைக்கு அவர்களால் விளக்கம் சொல்ல முடியவில்லை.

உத்தரவு வந்ததும் இல்லம் முதல் வேலையாகப் பெரியவரை வெளியே அனுப்பியது. அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். நான் நடத்த முடியாதும்மா என்று இன்னொரு வக்கீலின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். வாசல்வரை போனவரைக் கூப்பிட்டு, ஆணையத்தில் அந்த நோட்டுக்குக் காப்பி மனு போடச் சொன்னேன்.