வலையும் முடிச்சும்

அரபு மொழியில் ‘ஷபகா’ என்றால் வலை. மீனவர் கடலில் வீசும் வலைக்கும், இன்று கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் அமைப்புக்கும் அரபியர் அந்த ஒரு சொல்லையே வழங்குகின்றனர். தமிழிலும் ‘வலையமைப்பு’ என்கிறோம். ஆங்கிலத்தைப் பின்பற்றி எழுந்த வழக்குத்தான். எனினும் பொருத்தம் இல்லாமற் போகவில்லை. மீன்வலையின் கண்கள் ஒவ்வொன்றும் முடிச்சிட்டு இறுக்கப்பட்டவை. ஒரு கண் அறுந்தால் அவ்விடத்தில் ஓட்டை விழுமேயன்றி, வலை முழுவதும் பிரிந்துவிடாது. பின்னிய கம்பளிச் சட்டையோ அவ்வாறன்று. ஓரிழை அறுந்தால் வரிசை வரிசையாகக் கழன்றுகொண்டே போகும். கணினிகளைப் பிணைப்போர் பலர் வலை என்று பெயர் சூட்டிவிட்டுக் கம்பளிச் சட்டையைப் பின்னி வைத்திருக்கின்றனர் என்பது நமது எண்ணம்.

2002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் அப்படியொரு சட்டை கழன்றது. எழுவதும் விழுவதுமாக ஏறத்தாழ நான்கு நாள்கள் அங்கே வலையமைப்பு தடுமாறிற்று. மருந்துக் குறிப்பு, ஆய்வுக்கூட முடிவு, நோயாளியின் வரலாறு யாவும் கணினியிலேயே ஓடிய பெரிய மருத்துவமனை அது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினர்; தாள்களைக் கையில் ஏந்தி ஆட்கள் ஓடினர். கட்டிலில் கிடக்கும் ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு அவ்வாறு நடந்து வந்து சேர எத்தனை நேரமாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

காரணத்தை அறிய ஒரு நுட்பத்தைச் சற்றே விளங்கிக்கொள்ள வேண்டும். கேபிள்கள் வந்து கூடும் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். ஒரு பாதை அறுந்தாலும் மற்றொன்று உதவட்டும் என்று சுவிட்சுகளுக்கிடையே இரு பாதைகள் அமைப்பதுண்டு. ஆனால் இரண்டும் ஒருசேரத் திறந்திருந்தால், எல்லோருக்கும் என்று அனுப்பப்பட்ட ஒரு செய்தி வட்டமிட்டுச் சுழலும். சுழலச் சுழலப் பெருகும். ‘இத்தனை தடவைக்குமேல் செல்லாதே’ என்ற கணக்கு அச்செய்தியின் மேலுறையில் இல்லை. ஆகவே 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி, மிகையான பாதைகளைச் சுவிட்சுகள் தாமே கூடிப்பேசி அடைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். மனிதர் வந்து சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பதே அதன் அழகு. ஆயினும் அதற்கு எல்லையுண்டு. வழக்கமான கால அளவுகளுடன், ஒரு தொடரில் ஏழு சுவிட்சுகள் வரைதான் அது பொறுக்கும்.

பாஸ்டனில் அந்த எல்லையைக் கடந்திருந்தனர். ஒருவரும் வேண்டுமென்று கடக்கவில்லை. 1996இல் இரு மருத்துவமனைகள் ஒன்றாயின; கட்டடங்கள் சேர்ந்தன; ஆண்டுதோறும் ஒட்டுப்போட்டு வளர்ந்த அமைப்பு, முடிச்சில்லாத ஒரே பரப்பாக இருந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவரின் மென்பொருள் பெருந்தரவைக் கொட்டியபோது சுமை தாளவில்லை. எந்தப் பாதை திறந்தது, எது அடைத்தது என்ற கணக்குச் சுவிட்சுகளுக்குத் தப்பிற்று. சிஸ்கோ நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து, பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, இடையில் ரூட்டர்களை நிறுத்தினர். ரூட்டர்தான் இங்கே முடிச்சு. ஒரு துண்டின் சுழல் அதைத் தாண்டி அடுத்த துண்டுக்குள் நுழையாது. அம்மருத்துவமனையின் தகவல்துறைத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை மூடிமறைக்காமல் ஊரறியச் சொன்னார். அவ்வாறு சொல்லத் துணிபவர் எத்துறையிலும் குறைவு.

முடிச்சு மட்டும் போதாது. பழுதுபார்க்கச் செல்லும் வழி தனியாக இருத்தல் வேண்டும். 2021 அக்டோபர் 4ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குமேல் நம் வீடுகளில் வாட்ஸ்அப் நின்றுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். வளைகுடாவிலுள்ள கணவரின் குரலுக்குக் காத்திருந்த பெண்கள் கைப்பேசியைத் தட்டித் தட்டிப் பார்த்தனர். ஃபேஸ்புக் நிறுவனத்தார் பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, அவர்களுடைய முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. அதைச் சீர்செய்யத் தொலைவிலிருந்து நுழையும் வழிகளும் கூடவே மாண்டன. இறுதியில் பொறியாளர்கள் நேரில் சென்று இயந்திரங்களைத் தொட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழிந்தது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவரின் கதைதான்.

நாம் அரபு போதிக்கும் பள்ளியில் நாற்பது கணினிகள் உள்ளன. அவற்றை இணைத்தவர் நம்மிடம் ஓதிய மாணவர். “இதன் வரைபடம் எங்கே, தம்பி?” என்று கேட்டோம். “என் தலையில இருக்கு, ஹஜ்ரத்” என்றார் சிரித்துக்கொண்டே. அடுத்த மாதம் அந்தத் தலை தோஹாவுக்குப் புறப்படவிருந்தது. கட்டணக் கணக்கும் தேர்வு மதிப்பெண்ணும் மாணவர் விளையாடும் கணினிக்கூடமும் ஒரே பரப்பில் கிடந்தன. நிர்வாகக் குழுவில் ஒருவர், “இப்ப நல்லாத்தானே ஓடுது, ஹஜ்ரத்? எதுக்கு வீண் செலவு?” என்றார். பாஸ்டனிலும் முதல் நாள்வரை நன்றாகத்தான் ஓடிற்று என்று சொல்லிப் பார்த்தோம். இரண்டு கூட்டங்கள் கடந்தபின் இசைந்தனர்.

நம் மாணவர் அலுவலகத்தையும் கணினிக்கூடத்தையும் பிரித்து இடையில் ரூட்டர் வைத்தார். ஒவ்வொரு கேபிளின் இரு நுனியிலும் ஒரே எண்ணை ஒட்டி, எது எங்கிருந்து எங்கே போகிறது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதினார். அதன் ஒரு படி அலுவலகத்திலும் மற்றொன்று கணினி ஆசிரியையிடமும் இருக்கிறது. சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒருநாள் கூடம் முழுவதும் நின்றது. அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் வேலை நிற்கவில்லை. ஆசிரியை நோட்டைப் பிரித்து எண்களைச் சரிபார்த்தார். ஒரு பையன் கேபிளொன்றின் இரு நுனிகளையும் ஒரே சுவிட்சில் செருகியிருந்ததைக் கண்டு பிடுங்கினார். செய்தியறிந்து நம் மாணவர் தோஹாவிலிருந்து பதறி அழைத்தபோது, அவர் அடுத்த வகுப்பைத் தொடங்கியிருந்தார்.