கண்டிச் சரிவில் ஒரு பச்சை முற்றம்

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையையும் வாவியையும் பார்த்து, பேராதனைப் பூங்காவின் பெரிய புல்வெளியில் இளைப்பாறிவிட்டுத் திரும்புவார்கள். இம்முறை என் கண்ணில் பட்டவை வீட்டு முற்றங்கள்.

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியோரம், சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளின் முன்னால் ஒரு புல்கூட இல்லாத செம்மண் முற்றங்கள். ஈர்க்குமாற்றின் கீறல்கள் அழகாகத்தான் இருந்தன. முற்றம் கூட்டாத வீட்டில் மூதேவி குடியிருப்பாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிங்களச் சகோதரிகளும் இதில் நம்மைப்போலத்தான். சமதரை மணலில் இவ்வழக்கம் பெரிய கெடுதல் செய்யாது. சரிவிலோ, மழைத்துளி வெறும் மண்ணை அடித்துத் தூளாக்குகிறது. அத்தூள் நிலத்தின் துளைகளை அடைக்கிறது. உள்ளே இறங்க வழியற்ற நீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு மகாவலிக்கு ஓடுகிறது. மூதூர்ப் பக்கம் கடலில் சேரும் அதே கங்கைதான். தோட்டங்களில் அன்று புல்பூண்டு இல்லாமல் சுரண்டச் சொன்ன துரைமாரும் மலைமண்ணை இப்படித்தான் இழந்தார்கள். 1951இல் மண் காப்புச் சட்டம் வந்தது. 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லை அணைக்கட்டின் பின்னாலும் மலைமண் சேறாகத் தேங்கியது.

ஒரு வீட்டு முற்றம் மாத்திரம் பச்சையாக இருந்தது. வெயில் படும் இடத்தில் அறுகு, நிழல் ஈரத்தில் வல்லாரை, வடிகான் ஓரம் பொடுதலை, இடையிடையே மூவிலைச் சிறுபுள்ளடி. சிறுபுள்ளடி அவரைக் குடும்பம்; வேர்முடிச்சுகளால் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். காசு கொடுத்து விரிக்கும் ஒரே வகைப் புல்லுக்கு இந்தக் கெட்டித்தனம் இல்லை.

"பாம்பு வராதா?" என்றேன்.

"கட்டையா வெட்டிவச்சா தெரியுமுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. நடக்கும் வழிக்கு மட்டும் கல் பதித்திருந்தார்.

2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டத்தில் மலைகளே சரிந்து பலர் மாண்டனர். அத்தகைய சரிவைப் புல் நிறுத்தாது. நிலம் வெடித்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, புதிதாக ஊற்றுக் கிளம்பினாலோ பிள்ளைகளோடு உடனே வெளியேற வேண்டும். புல் காப்பது மேல்மண்ணை. நம் கறிவேப்பிலையும் கத்தரியும் நிற்கும் அந்த ஒரு சாண் மண்ணை.

செலவென்று எதுவுமில்லை. வேரோடு பிடுங்கிய துண்டுகளைச் சரிவுக்குக் குறுக்கே, சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும். மண்வெட்டியால் சுரண்டாமல் கத்தியால் வெட்ட வேண்டும். கழிவுநீர் படாத இடத்து வல்லாரை சம்பலுக்கும் ஆகும்.

விடைபெறும்போது ஒரு பிடி வல்லாரை தந்தார். நடுவதற்கு வேரோடு கேட்டேன். மழை துவங்கட்டும், வந்து எடுத்துப் போங்கள் என்றார்.