சோக்கை இழுத்தால்தான் ஓடுகிறதா?

அமெரிக்காவில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பயிர்களில் அதிகப் பரப்பு எதற்கு? மக்காச்சோளம் என்பீர்கள். இல்லை, வெறும் புல். நாசா விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குப் போட்டு 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டு முன்புறம், பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்துப் புல்தரை மட்டும் சுமார் 1,63,800 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல ஒன்றேகால் மடங்கு! இதில் ஆடு மாடு மேய்வதில்லை. மனுஷன்தான் வெட்டியாக வேண்டும். வெட்டாமல் விட்டால் பல ஊர்களில் நகராட்சி நோட்டீஸ் வரும், அபராதமும் உண்டு.

சின்ன இடம் என்றால் தள்ளிக்கொண்டு போகும் மெஷின் போதும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்றால் உட்கார்ந்து ஓட்டுகிற லான் டிராக்டர் வேண்டும். நம் ஊர் வயல் டிராக்டருக்குப் பேரன் மாதிரி இருக்கும். வயிற்றுக்கடியில் சுழலும் பிளேடு.

ஓஹையோவில் என் மகள் வீட்டு ஷெட்டில் அப்படி ஒன்று நிற்கிறது. வயது இருபதுக்கு மேல். வீட்டை விற்றுவிட்டுப் போன பெரியவர் அதையும் விட்டுப் போயிருக்கிறார். பானெட்டைத் தூக்கினால் உட்பக்கம் பென்சிலில் ஒரு பட்டியல். எந்த வருடம் ஆயில் மாற்றினார், எப்போது பெல்ட் போட்டார் என்று பொடி எழுத்தில் வரிசையாக. 2016-க்குப் பிறகு ஒன்றும் இல்லை.

போன வருடம் நாங்கள் போனபோது ஏப்ரல் கடைசி. பனி போய், புல் முழங்காலைப் பார்த்து வளர ஆரம்பித்திருந்தது. டிராக்டர் மட்டும் மக்கர். சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். சோக்கை உள்ளே தள்ளினால் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும்.

மாப்பிள்ளை செல்போனைக் காட்டினார். "புது கார்புரேட்டர் 25 டாலர்தான் மாமா. நாளைக்கு வந்துடும். கடைக்கு எடுத்துட்டுப் போனா கூலி மட்டும் 100 டாலருக்குக் குறையாது. இல்லேன்னா பேசாம புது டிராக்டரே வாங்கிடலாம்." புதுசு 2,000 டாலருக்கு மேல்.

அவர் கணக்கில் தப்பில்லை. அங்கே பொருள் மலிவு, மனுஷ உழைப்பு விலை அதிகம். நம் புதுப்பேட்டையில் இதற்கு நேர் தலைகீழ். முப்பது வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவன் நான், மெக்கானிக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தே பாதி வாலிபம் போனது. "ஒரு நாள் டயம் கொடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

கார்புரேட்டரைப் பெரிய சமாசாரம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் கொசு மருந்து அடித்த ஃப்ளிட் பம்ப் ஞாபகம் இருக்கிறதா? காற்று வேகமாகப் போகும் இடத்தில் அழுத்தம் குறையும். கீழே இருக்கும் மருந்து தானாக மேலே ஏறித் தூறலாகும். அதேதான் இது. நடுவில் குறுகின ஒரு குழாய், அடியில் பெட்ரோல் கிண்ணம். ஃப்ளஷ் டாங்க் மாதிரி கிண்ணத்தில் ஒரு மிதவை, பெட்ரோல் அளவோடு நிற்பதற்கு. கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே போகும் பித்தளைத் துவாரத்துக்கு ஜெட் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். ஐட்லிங் ஜெட் அதைவிடப் பொடிசு. அது பாதி அடைத்துக்கொண்டாலே போதும். சோக் காற்றைத் தடுக்கிறபோது மட்டும் இழுப்பு அதிகமாகி மீதித் துவாரத்தில் பெட்ரோல் வரும். சோக்கைத் தள்ளினால் பட்டினி. நோய் இதுதான் என்று சோக்கே சொல்லிவிடுகிறது.

கழற்றுவதற்கு முன் ஸ்பிரிங், கம்பி எல்லாம் எந்தத் துவாரத்தில் மாட்டியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டோம். கிண்ணத்தடியில் ஒயரோடு ஒரு சாலினாய்டு வால்வு. சாவியைத் திருப்பினால் "டிக்" என்று சத்தம் வரவேண்டும். அது வராமலே கார்புரேட்டரைக் குறை சொல்லி மாற்றுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு வந்தது.

கிண்ணத்தைக் கழற்றினால் குப்பென்று வார்னிஷ் வாடை. அடியில் பழுப்புப் பிசின், ஓரத்தில் வெள்ளையாக அரிப்பு. அக்டோபரில் டாங்க்கில் விட்ட பெட்ரோல் ஆறு மாதம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. இலேசான பாகம் ஆவியாகிப் போக, மீதி காற்றோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. தவிர, அங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவிகிதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கும். வெள்ளை அரிப்புக்கு அதுதான் காரணம்.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்ப்ரே அடித்து, மெல்லிய செம்புக் கம்பி இழையால் ஜெட்டைக் குத்தி, காற்றடித்தோம். ஊசியால் மட்டும் குத்தாதீர்கள். எஃகு பித்தளையைப் பெரிசாக்கிவிடும், அளவே போய்விடும். டாங்க்கைக் காலி செய்து கழுவி, புது ஃபில்டர், புது கேஸ்கட். மூன்று மணி நேரம். ஸ்ப்ரே டப்பாவையும் சேர்த்து 20 டாலர் ஆயிற்று. "அஞ்சு டாலர் மிச்சம்!" என்று மகள் சிரித்தாள்.

மிச்சம் அஞ்சு டாலர் இல்லை. புதுசு வாங்கி மாட்டியிருந்தால் அதே பழைய பெட்ரோல் அதற்குள்ளும் இறங்கியிருக்கும், அடுத்த ஏப்ரலில் அதுவும் இருமியிருக்கும். மாற்றுகிறவனுக்கு உதிரிபாகம் கிடைக்கிறது. திறந்து பார்க்கிறவனுக்குக் காரணம் கிடைக்கிறது. காரணம் தெரிந்தபின் மாற்றினால் தப்பே இல்லை. உள்ளே அரித்துப் போயிருந்தாலோ, த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினாலோ நானே தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன்.

சோக் இல்லாமல் ஓட ஆரம்பித்ததும் மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு பென்சில் கொண்டுவந்தார். 2016-க்குக் கீழே தேதி போட்டு எழுதினார். புதுசு வாங்கும் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

சரி, லான் டிராக்டர் நமக்கெதற்கு? 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு நம் ஊர்ப் புது வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ஆனால் மாடிப்படிக்கு அடியில் நிற்கும் உங்கள் பழைய ஸ்கூட்டரில் இருப்பது கார்புரேட்டர். பங்க்கில் இப்போது விற்பது 20 சதவிகித எத்தனால், அமெரிக்காவைவிட இரண்டு மடங்கு. பிள்ளை, பெண் வீட்டுக்கு ஆறு மாதம் கிளம்புகிறீர்களா? பாலுக்கும் பேப்பருக்கும் நிறுத்தச் சொல்கிற அன்றைக்கே பெட்ரோல் டேப்பையும் மூடுங்கள். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும்.

ஐந்து நிமிஷ வேலை. செலவு ஒன்றும் இல்லை. மெக்கானிக்தான் கொஞ்சம் வருத்தப்படுவார்.