வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை



லீவில் என்ன செய்தீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். "வாப்பாவோட ஹந்தானைப் பக்கம் போய் முயலுக்குக் கம்பி வெச்சோம் சேர்" என்றான் ஒரு பிள்ளை, பெருமையாக.

வாப்பாவும் மகனும் சேர்ந்து காட்டுப் பக்கம் போவது நல்ல விஷயம்தான். ஆனால் முயல் எது, சிறுத்தை எது என்று சுருக்குக் கம்பிக்குத் தெரியாது. நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் 2020 மே 26இல் ஒரு கருஞ்சிறுத்தையின் கழுத்தில் இப்படியொரு கம்பிதான் இறுகியது. உடவளவைக்குக் கொண்டு போய் வைத்தியம் பார்த்தும் 29ஆம் திகதி அது இறந்துவிட்டது.

கம்பியிலேயே கழுத்து நெரிந்து செத்த பிராணி நமக்கு ஹராம். சூரா அல்மாயிதா 3ஆம் வசனத்தைப் பாருங்கள். அப்போ யாருக்காக இந்த வேட்டை?

பிள்ளையைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். கம்பி வேண்டாம். மண்ணில் கிடக்கும் கால்தடம் எந்தப் பிராணியுடையது என்று சொல்லிக் கொடுங்கள்.