மார்ஸேல்ஸ்: ஐரோப்பாவின் வாசற்படி

ஆகாய விமானம் வருவதற்கு முந்திய காலத்தில் சீமைக்குப் போன நம்மவர்களுக்கு ஐரோப்பாவின் வாசற்படியாக விளங்கியது மார்ஸேல்ஸ் நகரம். பம்பாயில் தபால் கப்பல் ஏறியவர்களில் பலர், ஸ்பெயின் தேசத்தைச் சுற்றிக்கொண்டு போய் அலைகளில் அவதிப்படுவானேன் என்று இந்தத் துறைமுகத்திலேயே இறங்கிவிடுவார்கள். பிறகு ரயில் ஏறிப் பிரான்ஸைக் குறுக்கே கடந்து லண்டன் போய்ச் சேருவார்கள். அந்தக் கப்பல்கள் இன்று இல்லை. பாரிஸில் அதிவேக ரயில் ஏறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் இங்கே வந்து சேரலாம். நாமும் அப்படித்தான் வந்து சேர்ந்தோம்.

ஸ்டேஷன் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. வெளியே வந்ததும் ஊர் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கக் காண்கிறோம். ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் எதிர்க்குன்றின் உச்சியில் பொன் முலாம் பூசிய மேரி மாதாவின் சிலை வெயிலில் மின்னுகிறது. ஊருக்குள் செல்ல 104 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு ஒன்று உண்டு. 1927-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட அந்தப் படிக்கட்டில் இரண்டு சிலைகளைப் பார்த்தோம். இரண்டும் சாய்ந்து படுத்திருக்கும் பெண் உருவங்கள். ஒன்றுக்கு 'ஆசியக் குடியேற்ற நாடுகள்' என்றும், மற்றொன்றுக்கு 'ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள்' என்றும் பெயர். சாம்ராஜ்யம் போய்விட்டது, சிலைகள் மட்டும் இன்னும் படுத்திருக்கின்றன. படியிறங்கும் இந்தியனுக்கு அவற்றைப் பார்த்ததும் கால் சற்றே தயங்கும்.

கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 600 வருஷங்களுக்கு முன், சின்ன ஆசியாவிலுள்ள போக்கேயா என்னும் ஊரிலிருந்து வந்த கிரேக்க மாலுமிகள் நிறுவிய நகரம் இது. அவர்கள் கப்பல் கட்டிய அந்த இயற்கைத் துறைமுகத்துக்கு இன்று 'பழைய துறைமுகம்' என்று பெயர். அதன் கரையில் காலை வேளைகளில் மீன் சந்தை கூடுகிறது. படகில் வந்த மீன் அங்கேயே மேஜைக்கு வந்து துள்ளுகிறது. விற்பவர்களின் கூச்சலைக் கேட்டால் பாஷை தெரியாதவனுக்கும் விலை விளங்கிவிடும்! பக்கத்தில் 2013-ஆம் வருஷத்தில் அமைத்த கண்ணாடி போன்ற எஃகுக் கூரை ஒன்று இருக்கிறது. அதன் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால் நாமே தலைகீழாக நடமாடுவதைக் காணலாம். பெரியவர்களும் குழந்தைகளும் ஒருங்கே அங்கே அண்ணாந்து நிற்பது நல்ல வேடிக்கை.

துறைமுகத்தின் வாயிலில் இரண்டு கோட்டைகள் காவல் காக்கின்றன. அவற்றில் ஒன்றான ஸேன் நிக்கொலா கோட்டையைப் பதினான்காம் லூயி மன்னன் கட்டுவித்தான். கலகம் செய்த ஊரை அடக்க வேண்டி, பீரங்கிகளை ஊரை நோக்கியே வைத்தான் என்று சொல்கிறார்கள். ஊரார் அதை இன்னும் மறக்கவில்லை.

குன்றின் மேலுள்ள நோத்ர் தாம் ஆலயம் 1864-ல் பிரதிஷ்டையானது. மேரி மாதாவை இவ்வூரார் 'நல்ல தாய்' என்று உரிமையோடு அழைக்கிறார்கள். உள்ளே விதானத்திலிருந்து சிறு சிறு கப்பல்கள் தொங்குகின்றன. புயலில் தப்பிய மாலுமிகள் நேர்ந்துகொண்டு செலுத்திய காணிக்கைகள் அவை. அங்கிருந்து கீழே நோக்கினால், துறைமுகத்தின் வட கரையில் பழைய குடியிருப்பின் குறுகிய சந்துகளும், அவற்றுக்கு முன்னால் புதிய கட்டடங்களின் வரிசையும் தெரிகின்றன. 1943-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஜெர்மானியர், பிரெஞ்சுப் போலீஸின் உதவியுடன் அங்கே வசித்த சுமார் 20,000 ஜனங்களை வெளியேற்றிவிட்டு வீடுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் எழுந்தவைதான் புதிய கட்டடங்கள்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். இவ்வூரின் பெயர் பெற்ற பண்டம் 'பூயாபேஸ்' என்னும் மீன் ரசம். விலை போகாத பாறை மீன்களைச் செம்படவர்கள் கடற்கரையிலேயே கொதிக்க வைத்துக் குடித்த எளிய உணவு அது. இப்போது குங்குமப்பூவும் பெருஞ்சீரகமும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்து பெரிய ஹோட்டல்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது; விலையும் கூடவே ஏறிவிட்டது. போலிகளைத் தடுக்க 1980-ஆம் வருஷத்தில் ஹோட்டல்காரர்கள் கூடி ஒரு சாஸனமே செய்துகொண்டார்கள். குறைந்தது நான்கு வகை மீனாவது இருக்க வேண்டும் என்பது அதன் விதி. முதலில் ரசம் வரும். பூண்டு தேய்த்து வாட்டிய ரொட்டியை அதில் தோய்த்து உண்ண வேண்டும். மீன் தனித் தட்டில் வரும்.

சைவ போஜனக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்த 'பானிஸ்' கிடைக்கும். வாயில் போட்டதும் நம் வீட்டு அடுப்பங்கரை ஞாபகம் வந்துவிடும். ஆரஞ்சுப் பூவின் பன்னீர் மணக்கும் 'நாவெத்' என்னும் படகு வடிவ பிஸ்கோத்தும் உண்டு. 72 பங்கு எண்ணெய் என்று முத்திரையிட்ட மார்ஸேல்ஸ் சோப்புக் கட்டியை வாங்காமல் திரும்பும் யாத்திரிகரும் குறைவு.

பழைய துறைமுகத்திலிருந்து படகில் சுமார் இருபது நிமிஷம் சென்றால் இஃப் தீவின் சிறைக்கோட்டையை அடையலாம். அலெக்ஸாந்தர் டூமா எழுதிய 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' நாவலின் கதாநாயகன், இந்தச் சிறையிலிருந்து கடலில் விழுந்து தப்புகிறான். இல்லாத அந்தக் கைதி இருந்த அறை என்று ஓர் அறையைக் காட்டுகிறார்கள். ஜனங்கள் திரள் திரளாய்ப் பார்க்கிறார்கள். நாமும் பார்த்தோம். ஆனால் நம் மனம் வேறொரு கைதியிடம் சென்றது.

1910-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி, 'மோரியா' என்னும் கப்பல் இத்துறைமுகத்தில் நின்றது. இங்கிலாந்தில் கைதாகி, விசாரணைக்காக இந்தியாவுக்குக் கொண்டு போகப்பட்ட விநாயக தாமோதர சாவர்க்கர் அதன் ஜன்னல் துவாரம் வழியாகக் கடலில் குதித்து, நீந்திக் கரையேறினார். அப்போது அவருக்கு வயது 27. பிரெஞ்சு மண்ணை மிதித்தவரைப் பிரெஞ்சுக் காவலர் ஒருவரே பிடித்துக் கப்பலில் ஒப்படைத்துவிட்டார். வழக்கு ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை போயிற்று. கைது செய்த முறையில் ஒழுங்கீனம் இருந்தாலும் அவரைத் திருப்பித் தரும் கடமை பிரிட்டனுக்கு இல்லை என்று 1911 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. அவர் அந்தமான் சென்றார். அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி நம் தேசத்தாரிடையே பல அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் 1792-ல் இவ்வூர்த் தொண்டர்கள் பாடிக்கொண்டு பாரிஸுக்குச் சென்றதனால்தானே பிரான்ஸின் சுதந்திர கீதத்துக்கு 'மார்ஸேயேஸ்' என்று பெயர் வந்தது? அப்பேர்ப்பட்ட ஊரின் கரையில் அன்று அவருக்குச் சில நிமிஷங்களே சுதந்திரம் கிடைத்தது.

நான்கு வருஷங்களுக்குப் பின், 1914 செப்டம்பரில், இதே துறைமுகத்தில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினார்கள். வீதியெங்கும் ஜனங்கள் ஆரவாரித்து வரவேற்றார்கள். அங்கிருந்து வடக்கே போர்முனைக்குச் சென்றவர்கள் குளிரிலும் சேற்றிலும் மாண்டார்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். 1931 செப்டம்பர் 11-ஆம் தேதி, வட்டமேஜை மகாநாட்டுக்குச் செல்லும் வழியில் காந்தி மகானும் இங்கேதான் இறங்கினார். ரொமேன் ரோலந்தின் சகோதரி வந்து அவரை வரவேற்றார்.

ஊரின் தென்பகுதியில் மஸார்க் என்னுமிடத்தில் யுத்த மயானம் ஒன்று இருக்கிறது. அங்கே சில கற்களில் தேவநாகரி எழுத்தும் சிலவற்றில் அரபு எழுத்தும் காணப்படுகின்றன. தகனம் செய்யப்பட்ட இந்தியர்களுக்காக எழுப்பிய ஞாபகச் சின்னமும் அங்கே உண்டு. நாம் போன சமயம் வேறு யாத்திரிகர் ஒருவரும் இல்லை. கற்களுக்கிடையே புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. யாருடைய யுத்தம், யாருடைய உயிர் என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்வார் இல்லை.

மார்ஸேல்ஸுக்குப் போகும் அன்பர்கள் மீன் ரசமோ பானிஸோ அவசியம் உண்ணட்டும். இஃப் கோட்டையையும் பார்க்கட்டும். ஆனால் அரை நாளை மஸார்க்குக்கு ஒதுக்க மறக்க வேண்டாம். கற்பனைக் கைதியின் அறைக்குக் கூட்டம் எப்போதும் உண்டு. அங்கே உறங்குகிறவர்களைப் பார்க்க நம்மை விட்டால் யார் போவார்கள்?